குளத்து மேட்டு முயல்கள்

போன மாதம் நம் லைன் வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முயல் கறிப் பேச்சு ஓடியது. எங்கள் அம்மா மிளகு அரைத்து வைத்த குழம்பின் வாசனை எட்டாவது வீடு வரை வந்தது என்று ஒருவர் எழுதினார். தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு போகும்போது வழியிலேயே விரலை விட்டு நக்கினேன் என்று இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர், “முயல் பிடிச்சு ஜெயிலுக்குப் போனாரே, அந்த மாமா இப்ப எங்கே?” என்று கேட்டுப் பக்கத்தில் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். பதினொரு பேர் அதற்குச் சிரித்திருந்தீர்கள்.

நான் மூன்று முறை பதில் அடித்து மூன்று முறையும் அழித்தேன். அது நாலு வரியில் சொல்கிற விஷயமாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம்மில் எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. உங்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். இப்போதாவது நடந்தது நடந்தபடி தெரிந்திருக்கட்டும்.

அவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலம்பாளையத்துக்கு வந்தபோது எங்களோடு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அப்போது அவருக்கு இருபது இருக்கும். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாமா அதே கம்பெனியில் துணி பின்னுகிற நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். காலையில் வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதியிலேயே தூங்கியும் போவார்.

லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த குளத்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வடக்குக் கரையில் சலவைப் பட்டறையிலிருந்து வாய்க்கால் வரும். அந்தப் பக்கம் நுரை மிதக்கும், மூக்கை எரிக்கும். தெற்குப் பக்கம் சுத்தமாக இருக்கும். ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை. நடுவில் கருவேல மரங்கள் நின்ற ஒரு மேடு. இரண்டு வருஷம் மழை இல்லாமல் குளம் காய்ந்து கிடந்ததால் உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து, முயல்கள் அங்கேயே குடியிருந்தன. நாம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாமா கவனித்திருந்தார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் ஐப்பசி மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஒரே நாளில் நிறையவில்லை. தினம் ஒரு சாண், இரண்டு சாண் என்று ஏறியது. ஏற ஏற முயல்கள் புல்லை விட்டு மேட்டுக்கு ஒதுங்கின. மேட்டுக்கும் கரைக்கும் நடுவே வரப்பு அகலத்துக்கு ஒரே ஒரு தடம் மட்டும் தண்ணீருக்கு மேலே மிச்சம் இருந்தது. அந்தத் தடத்தில்தான் மாமா வலையைக் கட்டினார்.

வலை அவரே பின்னியது. மெஷினில் மாட்டுகிற நூல்கண்டுக் கோனில் மிச்சமாகிற நூலை நாலாக முறுக்கி, ஒரு மாதம் பகல் தூக்கத்தைக் குறைத்துப் பின்னினார். வெள்ளையாக இருந்தால் முயல் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று டீத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தார். அந்த வலைக்குப் பக்கத்தில் படுத்தால் டீக்கடையில் படுத்த மாதிரி இருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா, அப்பா, நான் மூன்று பேர்தான் போனோம். அம்மா வழக்கம்போல் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் இடுப்பளவு தண்ணீரில் மேட்டின் அந்தப் பக்கமாக ஏறி, பழைய பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். பயந்த முயல் தடத்தில் ஓடி வலையில் விழும். அப்படித்தான் விழுந்தது. ஆனால் அது கத்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தொட்டிலில் கிடக்கிற குழந்தை வீறிட்ட மாதிரி ஒரு சத்தம். நான் டின்னைப் போட்டுவிட்டேன். மாமா ஓடிப்போய் அதை ஒரே நிமிஷத்தில் அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டேன். நீங்களும் சாப்பிட்டீர்கள்.

அப்பா மறுநாள் இதைக் கம்பெனியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முதலாளியின் காதுக்குப் போயிற்று. முதலாளி பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். மாடு கட்டியிருந்த கொட்டகையில் மெஷின் போட்டுத் தொழில் ஆரம்பித்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புல்லட்டில் வந்து இறங்கினார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் மடித்து வைத்த சட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஈரத்தோடு ஊட்டுக்குப் போனால் ஊட்டுக்காரி திட்டுவாள் என்று சிரிப்பார். என்னை “அம்மிணி” என்று கூப்பிடுவார். ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவந்து தருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியில் அவர் விரலை அசைத்தால் அப்பா எழுந்து நிற்பார். குளத்தில் அது தலைகீழாக இருந்தது. “இங்கன நில்லுங்க மொதலாளி, அசையாதீங்க” என்று அப்பா சொல்வார். முதலாளி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் அசையாமல் நிற்பார். அப்பாவின் முகத்தில் அந்த மாதிரி வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்துக்காக அவர் எதையும் செய்வார் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை வலையில் விழுந்தது பெரிய பெட்டை முயல். மாமா அதைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“இது செனையா இருக்கு மொதலாளி. விட்டுருவோம்.”

முதலாளி சிரித்தார். “வலைல உழுந்தத உட்டுப்போட்டுப் போறதுக்கா சேத்துல நிக்கறோமுங்க?”

மாமா குனிந்து கையைத் திறந்தார். முயல் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு கோரைக்குள் போய்விட்டது. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “உங்க மச்சினனுக்கு நெம்ப நல்ல மனசுங்க மாஸ்டர்.”

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. ஆனால் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாமாவைத் திட்டினார். சோறு போடுகிறவர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்றார். குட்டி போடுகிற காலத்தில் பிடிப்பது பாவம், இனி நான் வரமாட்டேன் என்று மாமா சொன்னார். வந்ததும் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, சத்தமில்லாமல் வலையை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “மாமாட்ட கேட்டுட்டேன்” என்றார். நான் நம்பினேன். அப்பா சொன்னால் நம்புகிற வயது அது.

அன்று முதலாளி, அப்பா, நான். தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது; தடத்தின் மேலேயே கணுக்கால் அளவு ஓடியது. முயல்கள் நனைய மனமில்லாமல் மேட்டின் உச்சியில் கூடிக் கிடந்தன. ஒரு மணி நேரத்தில் இரண்டு விழுந்தன. அப்பா அவற்றைச் சாக்கில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. சாக்கு என் முழங்காலில் மெதுவாக உதைத்தது.

கரையில் ஜீப் சத்தம் கேட்டது. முதலில் பார்த்தவர் முதலாளி. “பாரஸ்ட் ஜீப்புங்க மாஸ்டர்” என்றவர் திரும்பிப் பார்க்காமல் கோரைக்குள் நடந்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு முதலாளி போன பக்கத்தைப் பார்த்தார்.

“நீ இங்கனயே நில்லு பிள்ள. நா இப்பம் வந்துருதேன்.”

அவரும் போய்விட்டார். கோரை மூடிக்கொண்டது.

நான் நின்றேன். ஒரு கையில் சாக்கு, காலடியில் வலை. காக்கி போட்ட இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். பெரியவருக்கு நரைத்த மீசை. அவர் அதட்டவில்லை. சாக்கை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். யாரோடு வந்தாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கோரைப் பக்கம் கண்ணைத் திருப்பவும் இல்லை. திருப்பினால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா வருகிறவரை நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். குளத்திலிருந்து இல்லை, தார்ரோட்டுப் பக்கத்திலிருந்து, தலைவாரி, வேகமாக நடந்து வந்தார். மேலே காய்ந்த சட்டை. சந்தன நிறம், அரைக்கை, இஸ்திரி மடிப்புக் கலையாதது. தோளில் தொளதொளவென்று தொங்கியது. கிட்டே வந்தபோது பவுடர் வாசனை அடித்தது. முதலாளியின் பெட்டியில் இருந்த சட்டை அது. அப்பா எதற்கு முதலாளியின் சட்டையைப் போட்டிருக்கிறார் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன். கரைக்கு அந்தப் பக்கம் புல்லட் அருகில் நின்று இரண்டு பேரும் என்ன பேசியிருப்பார்கள், சட்டையோடு சேர்த்து முதலாளி என்ன சொல்லிக் கொடுத்திருப்பார் என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

“உன்னய எங்கெல்லாம் பிள்ள தேடுதது?” என்றார் அப்பா. பிறகு மீசைக்காரரிடம் கும்பிடு போட்டார். வீட்டில் ஒரு மச்சினன் இருக்கிறான், சொன்ன பேச்சுக் கேட்கமாட்டான், வலை அவன் பின்னியது, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் போலிருக்கிறது என்று சொன்னார். மீசைக்காரர் அப்பாவின் வேட்டியைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஈரம். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

“அப்படியா பாப்பா?” என்று என்னிடம் கேட்டார்.

அப்பா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். “சொல்லு பிள்ள. மாமாதான கூட்டிட்டு வந்தான்?”

மிரட்டியிருந்தால் ஒருவேளை நான் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் மிரட்டவில்லை. அவர் கண் என்னிடம் கெஞ்சியது. பெரியவர்கள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

“ஆமா” என்றேன்.

மாமாவைத் தூக்கத்திலிருந்துதான் எழுப்பினார்கள். பாயில் எழுந்து உட்கார்ந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. புருவத்தில் அன்றைய பஞ்சு அப்படியே இருந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்தார், அவர்கள் கையில் இருந்த வலையைப் பார்த்தார், அப்பா போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“நீயா சொன்ன?”

நான் தலையாட்டினேன். மாமா எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். “என் வலைதான் சார். நாந்தான் போனேன்” என்றார். முகம் கழுவ அனுமதி கேட்டார். கழுவிவிட்டு அவர்களோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தீர்கள். நீங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அம்மா கோயிலிலிருந்து வெள்ளைச் சேலையோடு திரும்பினாள். அவள் வேதாகமத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, சாக்கு, கோரை, சட்டை, எல்லாம். சொன்னவுடன் அவள் ஜீப் போன வழியே ஓடுவாள் என்று நினைத்தேன். அது அவள் தம்பி. அவள் என் வாயைக் கையால் பொத்தினாள்.

“இத யார்ட்டயும் சொல்லக் கூடாது, கேட்டியா. உங்க அப்பா உள்ள போனா இந்த வீடும் இல்ல, வேலயும் இல்ல. நாம எங்க போவோம்?”

அவள் கையில் கோயிலுக்குப் புறப்படும்போது பூசிய தலை எண்ணெய் வாசனை இருந்தது. அந்தக் கையை அவள் எடுத்த பிறகும் நான் பேசவில்லை.

மாமாவைப் பதினைந்து நாள் சப் ஜெயிலில் வைத்திருந்தார்கள். முதல் வாரம் அம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கித் தூக்குப்போசியில் அடைத்து, சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். நம் வீட்டு ஆட்கள் அங்கே போனால் நம்மையும் கேஸில் சேர்ப்பார்கள் என்று முதலாளி சொன்னதாக அப்பா சொன்னார்.  அம்மா சேலையை அவிழ்த்து மடித்துவிட்டு, அந்தச் சோற்றை எங்களுக்கே போட்டாள். நான் சாப்பிட்டேன்.

வெளியே வந்ததும் மாமா நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போயிருக்கிறார். முதலாளியே வந்து பேசினாராம். “கேஸ் இருக்கறவங்கள வெச்சுக்க முடியாதுங்க தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க.” அந்த ‘ங்க’ ஒன்றுகூடக் குறையவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் மாமா வந்து தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக, புழுதி இல்லாமல் இருந்தது.

அடுத்த வருஷம் முதலாளி அப்பாவுக்கு, கம்பெனித் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் கொடுத்தார். ஒரு ஷெட், நாலு மெஷின். பிறகு பத்து. பிறகு பக்கத்திலேயே ராயபுரத்தில் சொந்த வீடு. நான் காலேஜ் போனது, என் கல்யாணம், என் பையனின் படிப்பு எல்லாம் அந்த ஷெட்டிலிருந்து வந்தவைதான். சாப்பாட்டு மேசையில் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். “நம்ம மச்சினன் ஒருத்தன் இருந்தான், மொயலுக்காவ ஜெயிலுக்குப் போனவன்” என்று ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். ஒரு கட்டத்தில் அவர் அதை உண்மை என்றே நம்ப ஆரம்பித்துவிட்டார். உங்கள் காதுக்கு வந்ததும் அவர் சொன்ன கதைதான்.

மாமா எங்கே இருக்கிறார் என்று கேட்டீர்கள். ஊருக்கே திரும்பிப் போய் ஒரு எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்தார், அங்கேயே குடும்பமானார். கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு மட்டும் ஒரு கார்டு வரும். அம்மா செத்தபோது அவருக்குத் தகவல் தாமதமாகப் போனது, வர முடியவில்லை. போன வருஷம் அப்பா போனபோது வந்தார்.

தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. அடக்கத்தில் போதகர் அப்பாவைப் பற்றிப் பேசினார். நேர்மையாக உழைத்து முன்னுக்கு வந்த மனுஷன், பொய் அறியாதவர் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பின்வரிசையிலிருந்து மாமாவும் சொன்னார். கேலியாக இல்லை. சாவு வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்வது போல்தான் சொன்னார். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நல்ல காதுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

“மாமா, அன்னைக்கு நா சொன்னது…”

“அத விடு. நீ சொன்னதுகூட இல்ல பிள்ள. ஒருநாளாவது வருவன்னு பாத்தேன்.”

ஜெயிலில் ஆட்களைப் பார்க்க விடும் நாட்களில் அவர் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தலைவாரி, கம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அக்கா மகள் வருவாள் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்களாம். இதை அவர் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே, யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போல் சொன்னார்.

நாற்பது வருஷமாக என்னிடம் இருந்த கேள்வியைக் கேட்டேன். “நீங்க தூங்கிட்டுதான இருந்தீங்க. இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா மாமா?”

அவர் கை நின்றது.

“நீ ஆமான்னு சொல்லிட்டியே. நா இல்லன்னு சொன்னா, அத்தன பேரு முன்னால நீ பொய் சொன்ன பிள்ளன்னு ஆயிரும்லா. பத்து வயசு.”

அதற்குப் பிறகு அவர் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும், குழிக்குள் மண் போட்டபோதும் எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அடக்க முடியவில்லை. சுற்றி இருந்தவர்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவின் மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். மாமா இலையை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

இல்லை என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.